செங்கல் சுட்ட விறகு

ஏறக்குறைய ஒரு வருஷ காலம் நான் என் மனைவி அடுப்பில் வைக்கும் விறகை எடை போட்டுக்கொண்டிருந்தேன். இதை யாரிடமும் சொல்லாமல் காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் வீடு தேடி வந்து, "சார், சூரியத் தகடு செய்யவே ஏகப்பட்ட சக்தி செலவாகிறதாமே, அதை அது என்றைக்குத் திருப்பித் தரும்?" என்று கேட்டார். கேட்டபோது அவர் கண்ணில் ஒரு பளபளப்பு இருந்தது. அந்தப் பளபளப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அது என் கண்ணில் இருந்த காலத்தில்தான் விறகு விற்கும் தொட்டியிலிருந்து ஒரு பழைய தராசை இரவல் வாங்கி வந்து சமையலறை வாசலில் தொங்கவிட்டேன்.

அடுப்பு மூட்டுவதற்கு முன் ஓர் எடை. அணைத்த பிறகு மிஞ்சிய கொள்ளிக்கு இன்னோர் எடை. நான் உத்தியோகத்தை விட்டுவிட்டு விறகுக்கடை வைக்கப் போகிறேன் என்று தெருவில் முடிவு செய்துவிட்டார்கள். சவுக்கு வருமா, வேலிகாத்தான் மட்டும்தானா என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். என் மனைவி ஆரம்பத்தில் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும்போது நான் குறுக்கே புகுந்து எரிகிற கட்டை ஒன்றை உருவியதும்தான் வாய் திறந்தாள்.

"ஏங்க, தோசை வேணுமா, கட்டை வேணுமா? ஒண்ணைச் சொல்லுங்க. ரெண்டையும் ஒரே அடுப்புல குடுக்க முடியாது."

இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் நடுப்பகுதி. கிருஷ்ணாயிலுக்கு டின்னும் கையுமாக ஊரே வரிசையில் நின்ற சமயம். காஞ்சிபுரத்தில் மாடு வைத்திருப்பவர் வீடுகளில் சாண எரிவாயுக் கலன் கட்டிக்கொடுக்கும் அலுவலகத்தில் நான் இருந்தேன். கலன் என்றால் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. கிணறு மாதிரி ஒரு குழி. உள்ளே செங்கல் கட்டுமானம். அதில் சாணியும் தண்ணீரும் கரைத்து ஊற்ற வேண்டும். மேலே ஓர் இரும்பு டிரம்மைக் கவிழ்த்து வைக்க வேண்டும். வாயு சேரச் சேர டிரம் மேலே எழும். குழாய் வழியே அடுப்புக்குப் போய் நீலமாக எரியும். புகை கிடையாது. இதில் பாதி, மாட்டுக்கே புரியும்.

நூலகத்துக்கு எப்போதும் தாமதமாக வந்து சேரும் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் அந்தக் கேள்வியைப் படித்தேன். சக்தி தரும் இயந்திரத்தைச் செய்யவும் சக்தி வேண்டும். தன் ஆயுளில் அதைத் திருப்பித் தராவிட்டால் அது இயந்திரமா, அலங்காரப் பொருளா? படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் கலனுக்குச் செங்கல் வேண்டும். செங்கல்லைச் சூளையில் சுட வேண்டும். சூளைக்கு வண்டி வண்டியாக விறகு. சிமெண்டுக்கும் இரும்புக்கும் எங்கோ கண்காணாத ஊரில் நிலக்கரி. ஆக, அடுப்பில் எரியப்போகும் விறகை மிச்சம் பிடிப்பதற்காக, அதை முன்கூட்டியே சூளையில் எரித்துவிடுகிறோம்! இதைக் கண்டுபிடித்த முதல் ஆள் காஞ்சிபுரத்தில் நான்தான் என்ற கர்வம் மெல்ல வந்து உட்கார்ந்தது. தராசு அதன் பிறகு வந்தது.

இரண்டு மாடு உள்ள சின்ன வீடு என்றால், செங்கல் சுட்ட விறகை மீட்கவே பல வருஷம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு என் மேலதிகாரியிடம் காட்டினேன். அவர் என்னைவிட வயதில் சின்னவர், நிதானத்தில் பெரியவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "ரொம்ப சுவாரசியமா இருக்கு" என்றார். ஓர் அதிகாரி ஒரு விஷயத்தைச் சுவாரசியம் என்று சொன்னால் அதை எங்கோ பத்திரமாக வைத்திருக்கிறார், ஒரு நாள் எடுப்பார் என்று அர்த்தம். அது அப்போது எனக்குத் தெரியாது. பாராட்டு என்று நினைத்து வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

இந்தச் சமயத்தில்தான் ஏகாம்பரமும் அவர் மனைவி லோகாம்பாளும் அலுவலகத்துக்கு வந்தார்கள். செவிலிமேட்டுக்குப் போகிற வழியில் அவர்களுடைய சாயப்பட்டறை. கச்சாப் பட்டு நூல் சணல் மாதிரி விறைப்பாக இருக்கும். அதைச் சோப்பும் சோடாவும் போட்டு அண்டாவில் கொதிக்கவைத்துப் பசையை எடுத்தால்தான் பட்டு, பட்டாகும், பிறகுதான் சாயம். சாயம் தோய்ப்பது ஏகாம்பரம். காலையிலிருந்து அண்டாவைக் கிண்டிக்கொண்டு அடுப்பு முன்னால் நிற்பது லோகாம்பாள். பல வருஷமாக அப்படி நின்றதில் அந்த அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. புகைப் பக்கமே போகக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கோயில் பக்கமே போகக் கூடாது என்று அர்ச்சகரிடம் சொல்வது மாதிரி.

"சார்," என்றார் லோகாம்பாள். "பொகை இல்லாத அடுப்பு... குடுக்கறீங்களாமே..." மேஜையைப் பிடித்துக்கொண்டார். "அவ்ளோதான் சார்... என்னால பேச முடியும்."

"மீதிய நான் பேசறேன் சார்," என்றார் ஏகாம்பரம். "தம்பி மாடும் எங்க கொட்டாயிலதான் கட்டிக்கினு இருக்குது. சாணிக்குப் பஞ்சமே இல்ல. இவ அடுப்பாண்ட நின்னா இருமி இருமி நூலை வுட்டுடறா. வேற ஆள வெச்சா நூல் சிக்காவுது. இவளும் வேணும், நூலும் வேணும். பொகைதான் வேணாம்."

இவ்வளவு தெளிவாக யாரும் மனு கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் அப்போது என் காதில் விழுந்தது வேறு. நாள் முழுக்க எரியும் அடுப்பு! வீட்டு அடுப்பைப்போல் பல மடங்கு விறகு மிச்சம்! சூளை விறகைச் சீக்கிரமே மீட்டுவிடும் கலன் ஒன்று கடைசியில் கிடைத்துவிட்டது. எதிரில் ஓர் அம்மாள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, நான் மனத்துக்குள் விறகு வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எனக்கு இன்னும் ஒரு யோசனை வந்தது. ஊருக்குள் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் செங்கற்களை யாரோ, எந்தக் காலத்திலோ சுட்டுவிட்டார்கள். அந்த விறகின் சாம்பல்கூட இப்போது எங்கும் இல்லை. அவற்றைக்கொண்டு குழியைக் கட்டினால்? செங்கல் வகையில் ஒரு சுள்ளிகூடச் செலவில்லாமல் பிறக்கும் கலன் அது! அந்தப் பத்திரிகைக்கே கட்டுரை எழுதி அனுப்பலாம் என்றுகூட நினைத்தேன். முதல் பத்தி மனத்தில் தயாராகவே இருந்தது.

கொத்தனார் மறுப்புச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். உடனே சம்மதித்துவிட்டார். மிச்சமாகும் கல் தன் வீட்டுக் குளியலறைக்கு ஆகும் என்ற எண்ணம் அவருக்கு. கற்களில் பாதி மாட்டுக்கொட்டகைச் சுவரிலிருந்து வந்தவை. மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"இது என்னப்பா?"

"அதுவா சார்? வெயில்ல காஞ்சா போயிடும்."

எனக்கும் அது போய்விட வேண்டும் என்று ஆசை. ஆகவே போய்விடும் என்று நம்பினேன். பின்கட்டு ஒடுக்கமானது, குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே விட வேண்டிய தூரத்தை விட முடியவில்லை. உள்பூச்சு நன்றாக இருந்தால் தூரம் பெரிதில்லை என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். நியாயமான இரண்டு சமாதானங்கள் ஒரே இடத்தில் தேவைப்பட்டால், இளைஞர்களே, அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

கலன் எழும்பியது. தெருவில் எதிர்ப்பும் எழும்பியது. கல்யாணப் பட்டைச் சாணி நெருப்பில் வேகவைப்பதா என்று எதிர்வீட்டு நெசவாளி ஒருவர் வந்து சத்தம் போட்டார். ஏகாம்பரம் அவர் நெற்றியைப் பார்த்தார்.

"பட்டை பட்டையா பூசிக்கினு வந்து பேசறியே, அந்தத் துண்ணூறு எதுல பண்ணதுபா? சந்தனத்துலயா?"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொள்ளவும் முடியாமல், துடைக்காமல் பேசவும் முடியாமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

அடுப்பைப் பற்றவைத்த அன்று லோகாம்பாள் பழக்கத்தில் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே கிண்டினார். வெகு நேரம் கழித்து மெதுவாக முகத்தைத் திருப்பி நெருப்பைப் பார்த்தார். அந்த அண்டாவின் அடியில் எரிவதை நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று ஏகாம்பரம் சொன்னார். வாரம் போகப் போக இருமல் குறைந்தது. நானும் வாரம் ஒரு தடவை போய், எவ்வளவு விறகு மிச்சமாயிற்று என்று விசாரித்தேன். அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்றும் கேட்டிருப்பேன் என்றுதான் நம்புகிறேன்.

பிறகு முகூர்த்தக் காலம் வந்தது. பெரிய இடத்துக் கல்யாணத்துக்கு அரக்கு நிறத்தில் நூல் வேண்டும் என்று ஏகாம்பரத்துக்கு நூல் கொடுக்கும் வியாபாரி சொல்லியனுப்பியிருந்தார். இந்த ஊரில் அரக்கு என்றால் அரக்காக இருக்க வேண்டும். கொஞ்சம் சிவந்தாலும் குற்றம், கொஞ்சம் கறுத்தாலும் குற்றம். நான் வழக்கம்போல் போன ஒரு காலையில், பட்டறைக் கொடியில் தொங்கிய நூல் துவைத்துத் துவைத்து அலுத்துப்போன காவித்துணி மாதிரி இருந்தது. கொடிக்குக் கீழே ஏகாம்பரமும் சாயக்கடைக்காரரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சோடாவ மாத்திப் பாத்துட்டேன். சோப்ப மாத்திப் பாத்துட்டேன். மீதி இன்னா கீது? உன் சாயப்பொடிதான்."

சாயக்கடைக்காரர் தெலுங்குக்காரர், இருவருக்கும் இளவயதிலிருந்து பழக்கம். "என் பொடியா? ஊரு மொத்தம் இதே பொடிதான் தோய்க்குது. அங்கல்லாம் அரக்கு அரக்காத்தான் வருது. நீ கண்ணாடிய மாத்து நாயனா!"

"என் கண்ண சொல்றியா நீ?"

"இல்ல, நீ என் பொடிய சொல்லலாமா?"

லோகாம்பாள் என் கையில் ஒரு காபி டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போனார். டம்ளரோடு கலன் பக்கம் நகர்ந்தேன். குழியில் கரைசலின் மட்டம் இறங்கியிருந்தது. போன வாரமே இறங்கித்தான் இருந்தது. கோடையில் வற்றுகிறது என்று நான் எனக்கே விளக்கம் சொல்லியிருந்தேன். இப்போது குழியைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த கிணற்றைப் பார்த்தேன். கொடியில் தொங்கிய நூலைப் பார்த்தேன். பாலாற்று ஊற்றுத் தண்ணீர்தான் பட்டுக்குப் பளபளப்பு என்று இந்த ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அந்தத் தண்ணீரில் என் கலன் என்ன சேர்த்திருக்கிறது என்று புரிந்தபோது காபி இறங்கவில்லை.

வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு அந்த நிமிஷத்தில் எல்லா வசதியும் இருந்தது. இருவரும் என்னை மறந்துவிட்டிருந்தார்கள். சாயப்பொடி தலையில் பழி விழுந்திருந்தால், நான் மெல்லக் கொத்தனாரை அனுப்பி ஒட்டுப் போட்டிருக்கலாம். ஆனால் சாயக்கடைக்காரர் சட்டென்று என் பக்கம் திரும்பி, "சாரு படிச்சவரு. நியாயம் சாரே சொல்லட்டும்" என்றார். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதில்லை; கொஞ்சம் அவகாசம் வேண்டும். அது கிடைக்கவில்லை.

"சாயத்துல தப்பில்லை. கலன் கசியுது. கிணத்துல சாணித்தண்ணி."

ஏகாம்பரம் வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டார். முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, கோபமே இல்லாத குரலில், "ஏன் சார், அடுப்புக்கு வரவேண்டியது அண்டாவுக்குள்ளயே வந்துட்டுதா?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

குழியைக் காலி செய்து பார்த்தோம். உப்புப் பூத்த கற்கள் உள்பூச்சை அப்பளம் மாதிரி உரித்துத் தள்ளியிருந்தன. கிணற்றை இறைக்க, பக்கத்துக் கொல்லைக்காரரிடம் டீசல் இன்ஜினை இரவல் வாங்கினோம். முகூர்த்த நூலுக்கு ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தோம். டீசல், வண்டி, மாட்டுத் தீனி என்று என் மனம் தன்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டே போனது. ஊரே எரிபொருளுக்குத் தவிக்கும்போது, எரிபொருள் மிச்சம் பிடிக்கும் என் கலன் ஒன்றே தெருவின் எரிபொருளை எல்லாம் குடித்துக்கொண்டிருந்தது.

பழைய விறகு அடுப்பை மறுபடியும் மூட்டினார்கள். வேறு வழியில்லை. லோகாம்பாள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிண்டினார். இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடித்தார். நான்காவது நாளோ என்னவோ, கையில் கழியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஏகாம்பரம் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டார். நான் பின்னால் சைக்கிளில் போனேன். அந்தப் பயணத்தில் நான் எதையும் கூட்டவில்லை.

ஊசி போட்டுப் படுக்கவைத்தார்கள். வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம்.

"மண்ணு போட்டு மூடிடுங்க சார்," என்றார் ஏகாம்பரம். "கெணறு போச்சின்னா இந்த ஊர்ல ஒருத்தன் எனக்கு நூல் குடுக்க மாட்டான். இவளுக்கு வேற எதனா வழி பாக்கறேன்."

"என்ன வழி?"

"அதான் தெரியல."

சாயங்காலம் உள்ளே போனேன். லோகாம்பாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மூடிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டார். "மூடாதீங்க."

அந்த ஒரு சொல்லுக்கே அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

அடுத்த நாள் மேலதிகாரியிடம் போனேன். புதுச் செங்கல், புதுச் சிமெண்டு போட்டு மறுபடி கட்ட அனுமதி வேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"எதுக்கு? இடம் பொருத்தமில்லைன்னு எழுதிட்டு வந்துடுங்க. ஒரு தடவை கட்டினாலே விறகு மீள வருஷக்கணக்காகும்னு நீங்கதானே எனக்குக் காட்டினீங்க? பட்டறை அடுப்புன்னாலும் இப்ப ரெண்டாவது தடவை. அதோட டீசல் வேற. உங்க கணக்குப்படியே இது தேறாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்ல கணக்கு சார் அது. நான் இன்னும் நாலு இடத்துல அதை வெச்சுத்தான் வேண்டாம்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்ததில் முக்கியமானது இந்த இடம்தான். மற்றதெல்லாம் இதைச் சொல்வதற்கான சாக்கு. அந்தக் கணக்கில் பிழை கிடையாது. ஒரு விஷயத்தைச் செய்யாமல் இருக்க விரும்புகிறவருக்குப் பிழையில்லாத கணக்கைப்போல் உபயோகமானது வேறு ஒன்றும் இல்லை. தப்பான கணக்கென்றால் திருத்தச் சொல்லி வாதாடலாம். சரியான கணக்கோடு யார் வாதாடுவது? நான் வாதாட வேண்டியிருந்தது, அதுவும் என்னோடேயே.

நான் ஒன்று செய்தேன். பெருமைப்பட ஒன்றுமில்லை. என் கணக்கில் ஒரு விட்டுப்போன இடம் இருக்கிறது என்றேன். கலனுக்கு மட்டும் செங்கல்லையும் இரும்பையும் கூட்டியிருக்கிறோம். விறகு அடுப்புக்கு எரிகிற விறகை மட்டும்தான் கூட்டியிருக்கிறோம். அந்த விறகைக் காட்டிலிருந்து இழுத்துவரும் வண்டிச் சக்கரத்தின் இரும்புப்பட்டைக்கு நிலக்கரி? வண்டி மாட்டின் தீனி? சூடு பட்டு வெடித்து அடிக்கடி மாற்ற வேண்டிய அடுப்புக்கல்? அதையெல்லாம் சேர்த்தால் கலன் தேறிவிடும். கணக்கின் எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து எந்த இயந்திரமும் தேறும், எந்த இயந்திரமும் தேறாது. முதல் தடவை என் கெட்டிக்காரத்தனம் தெரிகிற இடத்தில் கோடு போட்டேன். இந்தத் தடவை லோகாம்பாள் உள்ளே வருகிற இடத்தில் போட்டேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அடுப்புக்கல் அவ்வளவு அடிக்கடியா வெடிக்கும்?"

"நெருப்பு அதிகம் சார்."

"ம்." பேனாவை எடுத்தார். "வண்டிப்பட்டைக்கு நிலக்கரி. இதையும் நீங்க கூட்டினது எனக்குப் பிடிச்சிருக்கு. நம்பல, பிடிச்சிருக்கு." கையெழுத்துப் போட்டார். பிறகு, நான் எழுந்த பிறகு சொன்னார்: "அந்த அம்மாவுக்கு மூச்சு முட்டுதுன்னு மட்டும் சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன். நீங்க அதைச் சொல்லவே இல்லை."

உண்மைதான். சொல்லத் தோன்றவே இல்லை. எனக்குத் தெரிந்த பாஷை விறகு ஒன்றுதான்.

செங்கல்லுக்குப் பாலாற்றுப் பக்கம் ஒரு சூளைக்குப் போனேன். சூளை புகைந்துகொண்டிருந்தது. கல் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, பார்க்காமலே அடுக்கினாள். இருமினாள். நான் கல்லைத் தட்டிப் பார்த்து, ஓசை சரியாக இருப்பதை மட்டும் எடுத்து வண்டியில் ஏற்றச் சொன்னேன். செவிலிமேட்டுச் சாலையிலிருந்து நான் விரட்டிய புகையில் கொஞ்சம் இங்கே வந்து நிற்கிறது என்று தெரிந்தது. அதற்கு என்ன செய்வது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. உங்கள் சூரியத் தகட்டையும் எங்கோ ஓர் உலை முன்னால் நின்றுகொண்டு யாரோ செய்கிறார்கள். எத்தனை வருஷத்தில் மீளும் என்று கேட்கும்போது, அவர்கள் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டாலும் கேளுங்கள்.

இந்தத் தடவை குழியைச் சுற்றிக் களிமண்ணை மிதித்து இறுக்கினோம். பூச்சுக் காய்ந்ததும் வெறும் தண்ணீரை நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று காத்திருந்தோம். கொத்தனார் அவசரப்பட்டார். ஏகாம்பரம் விடவில்லை.

"நீ போய் உன் குளியலறையில குளி. இது எறங்கலன்னு நான் சொன்னப்புறம் வா."

"அந்தக் குளியலறைச் சுவரும் உரிஞ்சிக்கினுதான் இருக்குது," என்றார் கொத்தனார். அதைக் கேட்டு மனத்துக்கு ஓர் ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

மட்டம் இறங்கவில்லை. கிணறும் இறைக்க இறைக்கத் தெளிந்தது. ஆற்றுத் தண்ணீரில் தோய்த்த முகூர்த்த நூல் அரக்கு அரக்காகவே வந்து, வியாபாரி வாயைத் திறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். இந்தத் தொழிலில் அதற்குமேல் பாராட்டு கிடையாது. சாயக்கடைக்காரர் மட்டும் ஒரு வாரம் கழித்து வந்து, "கண்ணாடி மாத்தினியா?" என்று கேட்டு ஒரு காபி குடித்துவிட்டுப் போனார். லோகாம்பாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், புது அடுப்பு பற்றும்வரை அண்டாப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டோம். அதுவரை கிண்டியது ஏகாம்பரம். நூல் சிக்கானது.

நான் வேறு ஊர்களுக்கு மாற்றலாகிப் போனேன். விறகுத் தராசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தலைக்குள் இருந்ததை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. சில வருஷம் கழித்து ஒரு நாள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, ஏகாம்பரத்தின் கலனுக்கு மறுபடி கணக்குப் போட்டேன். மேலதிகாரிக்குக் காட்டிய தாராளமான கணக்கு இல்லை. கறாரான பழைய கணக்கு. முதலில் கட்டியது, இடித்தது, இரண்டாவது தடவை சுட்ட செங்கல், சிமெண்டு, டிரம், டீசல் இன்ஜின், தண்ணீர் வண்டி, மாட்டுத் தீனி எல்லாவற்றையும் சேர்த்தேன். எதையும் விடவில்லை. இந்நேரம் மீண்டுவிட்டது! எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, இனி எரிவதெல்லாம் லாபம். ஓர் ஆளிடமாவது இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தாங்காது. காஞ்சிபுரத்தில் இறங்கி நேரே செவிலிமேட்டுச் சாலைக்கு நடந்தேன்.

ஏகாம்பரம் முழங்கை வரை சாணியோடு தொட்டியில் கரைத்துக்கொண்டிருந்தார். லோகாம்பாள் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். செங்கல் சுட்ட விறகு முதல் தண்ணீர் வண்டி வரை வரிசையாகச் சொல்லி, கடைசியில், "உங்க கலன் அத்தனையையும் திருப்பிக் குடுத்துட்டுது" என்று முடித்தேன்.

ஏகாம்பரம் கரைப்பதை நிறுத்தினார். "எல்லாத்தையும் சேத்தாச்சா சார்?"

"எல்லாத்தையும்."

"டெய்லி நான் இத்த கரைக்கறேனே. அந்தத் தெம்புக்கு நான் துன்ற சோறு? அது வந்துதா?"

வரவில்லை. நான் அதை நினைத்தே பார்க்கவில்லை. உடனே அங்கேயே நின்று, ஒரு வேளைச் சோற்றுக்கு எவ்வளவு விறகு என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

லோகாம்பாள் அண்டாவிலிருந்து கண்ணை எடுக்காமல், கிண்டுவதையும் நிறுத்தாமல் சொன்னார்: "அத மட்டும் சேத்துடாதீங்க சார், இந்த மனுசன் துன்றத சேத்தீங்கன்னா இந்த சாணி கேஸு இன்னா, அந்த சூரியனே எறங்கி வந்து எங்க வூட்டு அடுப்புல உக்காந்து எரிஞ்சாலும் கட்டுப்படியாவாது."